ஐஸ் பெட்டிக்கு அடியில்

திங்கள்சந்தை முக்கில் பேனர் கட்டியிருந்தார்கள்.
பழைய பைக் சங்கமம், தக்கலை,
ஞாயிறு காலை பத்து மணி.
சங்கமத்தைச் சந்தை என்று வாசித்துக்கொண்டேன்.
பணத்துக்கு முட்டுப்பட்டவன் கண்ணில்
எழுத்து கொஞ்சம் வளையத்தான் செய்யும்.

விற்கத்தான் போனேன்.
எழுபத்தாறாம் வருச ராஜ்தூத்.
கிக்கரை மிதித்து மிதித்து
என் வலது முட்டு தேய்ந்து கிடக்கிறது.
பட்டனைத் தொட்டால் எழும்பும் ஸ்கூட்டர் ஒன்று
மார்த்தாண்டத்து ஷோரூமில் கண்ணாடிக்குள் நிற்கிறது.
அதன் முன்பணத்துக்கு இது போனால் போதும்.

முதல் பூசையை விட்டுவிட்டு
குளச்சலில் சாளை ஏலம் எடுத்து
இரணியல் வரை தெருத்தெருவாக விற்று
ஒரு கூறு மிச்சம் கிடந்த பெட்டியோடேயே
பள்ளிக்கூட மைதானத்துக்குள் விட்டேன்.

வேளிமலைப் பக்கம் சாரல்.
வண்டிகள் வண்டிகளில் வந்து இறங்கின.
காய்ச்சல் பிள்ளைபோல் கம்பளி போர்த்திய
பி.எஸ்.ஏ. ஒன்றை
பிக்கப் வேனிலிருந்து நாலு பேர் தாங்கி இறக்கினார்கள்.
யெஸ்டி, ஜாவா, லாம்பி,
பெயர் தெரியாத ஒரு கறுப்பு,
எல்லாவற்றிலும் என் முகம் தெரிந்தது.
என் வண்டியில் மட்டும் தெரியவில்லை.

எனக்கு ஒதுக்கியது நாற்பத்தொன்றாம் கட்டம்.
நாற்பதும் நாற்பத்திரண்டும்
மெல்ல மெல்லத் தள்ளிப் போயின.
வாடை.
ஒரு பூனை மட்டும் எங்கிருந்தோ வந்து
சைலன்சருக்கு அடியில் குந்தியது.

பதிவு மேசையில் ஷைனி என்றொரு பிள்ளை.
"சீட்டு ஒரிஜினலா?"
தார்ப்பாய்.
"கலர்?"
வள்ளத்துக்கு அடித்த மிச்ச நீலம்.
"ரீஸ்டோர் பண்ணின வருசம்?"
அப்படியென்றால் என்னவென்று கேட்டேன், சொன்னாள்.
"ரெண்டாயிரத்து அஞ்சு, சனவரி.
மண்ணுக்குள்ளேருந்து தோண்டி எடுத்ததாக்கும்."
அவள் பேனா நின்றது.
எந்த ஊர் என்று கேட்கவில்லை.
அப்புறம் அந்தக் கட்டத்தில் மட்டும்
கொஞ்சம் நேரம் எடுத்து எழுதினாள்.

போட்டோவுக்குப் பெட்டியைக் கழற்றச் சொன்னார்கள்.
கயிறு உப்பேறி இறுகியிருந்தது,
பல்லால் இழுத்தேன்.
பெட்டிக்கு அடியில் மெத்தைக்காக வைத்த டியூப் துண்டு
தோல்போல ஒட்டிக் கிடந்தது.
உரித்தால், பின் மட்கார்டில்
இரண்டு கை அகலத்துக்குச் சிவப்பு.
சிவப்பு வண்டியாக்கும் வாங்கினேன்.
இத்தனை வருசமும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்,
மறந்தே போனேன்.

கூட்டம் கூடிவிட்டது.
ஒருவர் தொட்டார், ஒருவர் முகர்ந்தார்
(இந்த முறை மூக்கைப் பொத்தாமல்).
பி.எஸ்.ஏ.க்காரர், ஸ்ரீகண்டன் என்று பல் டாக்டர்,
குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அண்ணே, இத எந்தக் காலத்திலயும் வித்துராதீங்க."
யெஸ்டிப் பையன் சொன்னான், விக்காதீங்க.
லாம்பிக்காரர் தோளைத் தட்டி, விக்கப்படாது கேட்டீரா.
மதியச் சோற்றுக்குள் பதினேழு பேர்.
எண்ணினேன்.
விலை என்ன என்று ஒருவர் கேட்டிருந்தால்
எண்ணுவதை நிறுத்தியிருப்பேன்.

மூன்று மணிக்கு விசில்.
எல்லா வண்டியையும் ஒன்றாக எழுப்பினார்கள்.
முதல் மிதி. முட்டுக்குள் கண்ணாடி உடைந்தது.
இரண்டாவது.
மூன்றாவதில் எழும்பியிருக்க வேண்டும்,
அறுபது சத்தத்தில் என்னுடையது எது என்று பிடிபடவில்லை.
இருபத்தெட்டு வருசம் கேட்ட சத்தம்.
தொடைக்குள் வந்த நடுக்கத்தை வைத்துத்தான்
ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன்.
பூனை பாய்ந்து ஓடிவிட்டது.

சான்றிதழ் தந்தார்கள், பிளாஸ்டிக் உறையோடு.
வைக்க இடமில்லாமல் பெட்டிக்குள் வைத்தேன்.
டியூப் துண்டைத் திரும்ப விரித்து
கயிற்றை முறுக்கிக்கொண்டிருக்கையில்
டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.
சுற்றிலும் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள மீன் ஏதாச்சும் கெடக்கா?"

சாளை. ஒரு கூறு. காலையில் எடுத்தது.
பேரம் பேசவே இல்லை மனுசன்.
கம்பளி போர்த்திய பி.எஸ்.ஏ.க்குப் பக்கத்தில்
வேனின் முன்சீட்டில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு அந்த மைதானத்தில்
விலை போனது அது ஒன்றுதான்.
நூற்றிருபது ரூபாய்.
வழியில் பெட்ரோலும் ஆயிலும் போட்டேன்,
சரியாக இருந்தது.